20 விநாடி ஜெபமும் 20 வருட மேயரும்: வாசகர் கேள்வி பதில்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சாகனே என்று ஒரு நகரம். அதன் மேயர் மாமன்றக் கூட்டத்தை 20 விநாடி ஜெபம் சொல்லித் தொடங்குவார், அது வழக்காகி உச்ச நீதிமன்றம் வரை போனது, ஜெபம் கூடாது என்று வந்த தீர்ப்பு நல்ல தீர்ப்பு என்று முன்பு இதே பகுதியில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கோபமான கடிதங்களும் இருக்கின்றன. அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் இதற்கே கொடுத்துவிடுகிறேன்.

கேள்வி: யார் சார் அந்த மேயர்? பெயரைக்கூடச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். 20 வருடம் ஒரே ஆள் மேயராக இருக்க முடியுமா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: பெயர் ழான் ட்ராம்ப்ளே. தொழில் நோட்டரி. கியூபெக்கில் நோட்டரி என்றால் முறையாகச் சட்டம் படித்தவர். வீடு வாங்குவது, உயில் எழுதுவது, கல்யாண ஒப்பந்தம் எல்லாமே அவர் மேஜைக்குத்தான் வரும். 1997-இல் ஷிகூத்திமி என்ற ஊருக்கு மேயரானார். அதற்கு முந்தைய வருடம், 1996 ஜூலையில், அந்தப் பகுதியில் பயங்கரமான வெள்ளம். சுற்றிலும் எல்லாம் அடித்துக்கொண்டு போக, சின்ன வெள்ளை வீடு ஒன்று மட்டும் தண்ணீருக்கு நடுவே அசையாமல் நின்ற படம் உலகம் முழுக்கப் போனது. அந்த வீடு ஷிகூத்திமியில்தான் இருக்கிறது, இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

2002-இல் மாகாண அரசு பக்கத்து ஊர்களையெல்லாம் சேர்த்து ஒரே மாநகரமாக்கியது. ஷிகூத்திமி, ழோன்கியேர், லா பே, லத்தெரியேர் இன்னும் சில ஊர்கள் ஒன்றாகி சாகனே ஆனது. ஷிகூத்திமிக்கும் ழோன்கியேருக்கும் பரம்பரைப் போட்டி, சேர்ந்து வாழ யாருக்கும் மனசில்லை. அந்தப் புது நகரத்துக்கு நடந்த முதல் தேர்தலில் ஜெயித்து, பிறகு 2005, 2009, 2013 என்று ஒவ்வொன்றிலும் ஜெயித்து, 2017-இல் இனி போட்டியிடுவதில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். ஷிகூத்திமியையும் சேர்த்தால் 20 வருடம். கியூபெக்கில் மேயரை மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதனால் ஒருவர் பிடித்துப்போனால் இப்படித் தொடர முடிகிறது.

ஏறக்குறைய 1,45,000 பேர் வாழும் நகரம். அலுமினியம், காகித ஆலை, பாகோவில் விமானப்படைத் தளம் இவற்றை நம்பி இருக்கிற ஊர். பெரும்பாலும் எல்லோருமே பிரெஞ்சு பேசுகிறவர்கள், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றது புரியும்.

கேள்வி: 20 விநாடி ஜெபத்துக்காக உச்ச நீதிமன்றம் வரை போனார்கள் என்றால் வேலை இல்லாதவர்கள் என்றுதான் தோன்றுகிறது. பிடிக்காதவர் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதானே? (கோவை வாசகர்)

பதில்: நடந்ததை அப்படியே சொல்கிறேன், அப்புறமும் இதே கேள்வி இருக்கிறதா என்று பாருங்கள்.

மாதக் கூட்டம். பொதுமக்கள் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். மேயர் எழுந்து மைக்கில் பேச ஆரம்பிக்கிறார். தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே என்று சிலுவை அடையாளம் போடுகிறார். கவுன்சிலர்களும் எழுந்து போடுகிறார்கள். பிறகு எல்லாம் வல்ல இறைவனை நோக்கி ஜெபம், மறுபடி சிலுவை அடையாளம், அதன் பிறகு அலுவல். ஷிகூத்திமி மன்ற அறையில் இயேசுவின் திரு இருதயச் சிலை, அதற்கு முன்னால் சிவப்பு மின்விளக்கு. லா பே அறையில் பாடுபட்ட சிலுவை.

அந்தக் கூட்டத்துக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்த ஒரு குடிமகனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஜெபத்தை நிறுத்துங்கள் என்று மேயரிடமே நேரில் கேட்டார். முடியாது என்றார் மேயர். 2007-இல் அவர் கியூபெக் மதச்சார்பின்மை இயக்கத்தின் துணையோடு மாகாண மனித உரிமை ஆணையத்துக்குப் போனார்.

நகரம் அப்போது என்ன செய்தது தெரியுமா? நிறுத்தவில்லை. 2008 நவம்பரில் ஜெபத்துக்கென்றே ஒரு விதியை நிறைவேற்றியது. ஜெப வாசகத்தைக் கொஞ்சம் பொதுவாக மாற்றி அந்த விதியிலேயே எழுதிவைத்தார்கள். ஜெபம் முடிந்து 2 நிமிடம் கழித்துத்தான் கூட்டம் அதிகாரபூர்வமாகத் தொடங்கும் என்றும் சேர்த்தார்கள். பிடிக்காதவர்கள் ஜெபம் முடியும்வரை வெளியே இருந்துவிட்டு உள்ளே வரலாம் என்பது அதன் கருத்து.

நீங்கள் சொன்ன காதைப் பொத்திக்கொள்வது கிட்டத்தட்ட இதுதான். கொஞ்சம் யோசியுங்கள். எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஒரு ஊரில், அண்டை வீட்டார், கடைக்காரர், பிள்ளையின் வாத்தியார் எல்லோரும் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில் ஒரு ஆள் மட்டும் எழுந்து வெளியே போய், 2 நிமிடம் கழித்துத் திரும்பி வர வேண்டும். ஒவ்வொரு மாதமும். அவர் நம்புகிறாரா இல்லையா என்பது அவருடைய சொந்த விஷயம், அதை ஊருக்கு முன்னால் காட்டியே ஆக வேண்டும் என்று மாநகராட்சி அவரைத் தள்ளுகிறது. தெருவிளக்கு எரியவில்லை என்று கேட்க வந்தவருக்கு ஏன் இந்தச் சோதனை? நீதிபதிகள் இதைத்தான் பிடித்தார்கள். அந்த 2 நிமிட இடைவெளி பிரச்சினையைத் தீர்க்கவில்லை, ஒதுக்கப்படுவதை இன்னும் பளிச்சென்று காட்டியது என்றார்கள்.

20 விநாடி என்கிற கணக்கு என்னை ஒருபோதும் சமாதானப்படுத்தியதில்லை. அது அவ்வளவு சின்ன விஷயம் என்றால் மாநகராட்சியே விட்டுக்கொடுத்திருக்கலாமே, 8 வருடம் வழக்காடியது எதற்கு?

கேள்வி: வழக்கு எப்படிப் போனது? கீழே தோற்று மேலே ஜெயித்தார்களா? (சேலம் வாசகி)

பதில்: முதலில் ஜெயம், நடுவில் தோல்வி, கடைசியில் ஜெயம். 2011-இல் மாகாண மனித உரிமைத் தீர்ப்பாயம் அந்தக் குடிமகன் பக்கம் சொன்னது. ஜெபத்தை நிறுத்து, அவருக்கு 30,000 டாலர் கொடு என்றது. மேயர் மேல்முறையீடு செய்தார், செலவுக்கு மக்களிடம் நன்கொடை கேட்டார், பணமும் வந்தது. 2013-இல் மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. இந்த ஜெபத்தில் இருப்பது எல்லோருக்கும் பொதுவான விழுமியங்கள், குறிப்பிட்ட எந்த மதத்தோடும் இதைச் சேர்க்க முடியாது என்பது அவர்கள் பார்வை. 2015 ஏப்ரல் 15-ஆம் தேதி கனடா உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டு, ஜெபம் கூடாது, 30,000 டாலர் கொடுக்க வேண்டும் என்று முடித்தது. முடிவில் எல்லா நீதிபதிகளும் ஒருமனம். ஒரு நீதிபதி மட்டும் வேறொரு சட்ட நுணுக்கத்தில் தனியாகக் காரணம் எழுதினார்.

ஒன்று கவனியுங்கள். சிலையையும் சிலுவையையும் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆணையம் விசாரித்தது ஜெபத்தை மட்டும்தான், அதனால் அவை தீர்ப்பாயத்தின் அதிகாரத்துக்குள் வரவில்லை என்று விட்டுவிட்டார்கள். கனடாவில் சிலுவைகளை எடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்துவிட்டது என்று சுற்றுகிற தகவல் தவறு.

கேள்வி: ஐயா, நான் கத்தோலிக்கப் பெண். உங்கள் குறிப்பைப் படித்து வருத்தப்பட்டேன். நல்ல காரியம் தொடங்கும்போது ஆண்டவரை நினைப்பது குற்றமா? பக்தியுள்ள ஒருவர் பதவிக்கு வந்தால் பக்தியை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டுமா? நாத்திகம் மட்டும் நடுநிலையா? (நாகப்பட்டினம் வாசகி)

பதில்: அம்மா, உங்கள் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானும் சாமி கும்பிடுகிறவன்தான், கும்பிடாமல் நான் ஒரு வேலையும் தொடங்குவதில்லை.

ஆண்டவரை நினைப்பது குற்றமில்லை. ட்ராம்ப்ளே வீட்டில் ஜெபிக்கலாம், கோயிலில் ஜெபிக்கலாம், கூட்டத்துக்குப் போகும் வழியில் காரில் ஜெபிக்கலாம், நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி மனசுக்குள் ஜெபிக்கலாம். தீர்ப்பு இதில் எதையும் தடுக்கவில்லை. தடுத்தது ஒன்றே ஒன்றை. மேயர் என்கிற நாற்காலி, மாநகராட்சியின் மைக், மாநகராட்சி போட்ட விதி இவை மூன்றையும் வைத்து ஒரு மதத்தின் வழிபாட்டை நகரத்தின் பெயரால் நடத்துவதை. அந்த நாற்காலி அவருடையது இல்லை. ஓட்டுப் போட்டவர், போடாதவர், கோயிலுக்குப் போகிறவர், போகாதவர் எல்லோருக்கும் சொந்தமான நாற்காலி அது, அவர் அதில் கொஞ்ச காலம் உட்காருகிறார்.

நாத்திகம்தான் நடுநிலையா என்று கேட்டீர்கள். இதே கேள்வியை நகரமும் நீதிமன்றத்தில் எழுப்பியது, நீதிமன்றம் நேராகவே பதில் சொன்னது. நம்பிக்கையின்மை வேறு, நடுநிலை வேறு. ஜெபம் சொல்லாமல் கூட்டத்தைத் தொடங்கினால் கடவுள் இல்லை என்று சொன்னதாகாது, அதைப் பற்றி நகரம் எதுவுமே சொல்லவில்லை என்றுதான் ஆகும். இதற்கு நேர் எதிராக, கடவுள் இல்லை என்ற அடிப்படையில் கூட்டத்தைத் தொடங்குகிறோம் என்று ஒரு மேயர் அறிவித்தால் அதுவும் இதே அளவுக்குத் தப்பு என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. எனக்கு அந்தத் தீர்ப்பில் மிகவும் பிடித்த இடம் அது. நாளைக்கு உங்கள் ஊரில் அப்படி ஒரு மேயர் வந்தால் உங்களைக் காக்கப் போவதும் இதே வாதம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது வெறும் மரபு, பாரம்பரியம், கலாசாரம் என்று நகரத்தின் வக்கீல்கள் வாதாடினார்கள். ஆனால் மேயரோ வெளியே பேசியபோது மனதில் இருந்ததை மறைக்கவில்லை. மறு உலகத்துக்குப் போகும்போது, உமக்காகப் போராடினேன், உமக்காக வழக்குக்கூட நடத்தினேன் என்று ஆண்டவரிடம் கொஞ்சம் பெருமையாகச் சொல்ல முடியும், நான் இந்தப் போராட்டத்தில் இருப்பதே கிறிஸ்துவை ஆராதிப்பதால்தான் என்ற பொருளில் பேசினார். அந்தப் பேச்சு தீர்ப்பிலேயே இடம்பெற்றது. அதை வைத்துத்தான் இது மரபு இல்லை, வழிபாடுதான் என்று முடிவுசெய்தார்கள். அவர் உண்மையானவர் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. உங்களைப் போன்ற விசுவாசிகள் யோசிக்க வேண்டியது இங்கேதான். ஜெபத்தைக் காப்பாற்றுவதற்காக அது ஜெபமே இல்லை, பழைய வழக்கம்தான் என்று நீதிமன்றத்தில் நின்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. எனக்கு அதுதான் வேதனை.

கேள்வி: கியூபெக்கில் இப்போது யாரும் கோயிலுக்கே போவதில்லை என்று படித்தேன். பிறகு எதற்கு இவ்வளவு பிடிவாதம்? (பாண்டிச்சேரி வாசகர்)

பதில்: போவதில்லை என்பதால்தான் பிடிவாதமே என்று நினைக்கிறேன். 1960 வரைக்கும் கியூபெக்கில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அநாதை இல்லம் எல்லாமே திருச்சபை கையில் இருந்தன. சட்டமன்றத்தில் சபாநாயகர் நாற்காலிக்கு மேலே 1936-இல் ஒரு சிலுவையை மாட்டி வைத்தார் அன்றைய பிரதமர் மொரிஸ் துப்ளெசி (அங்கே மாகாணத் தலைவரைப் பிரதமர் என்றுதான் சொல்வார்கள்). 1960-க்குப் பிறகு அமைதிப் புரட்சி என்று அவர்கள் சொல்கிற காலம் வந்தது. ஒரே தலைமுறையில் அரசாங்கம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது, ஞாயிறு பூசைக்குக் கூட்டம் வற்றிப்போனது. சட்டமன்றத்தில் ஜெபத்தை 1976-லேயே நிறுத்திவிட்டு ஒரு நிமிட மௌனம் என்று மாற்றிக்கொண்டார்கள். ஆனால் சிலுவை அப்படியே இருந்தது.

2007-இல் வேறொரு கவலை கிளம்பியது. குடியேறி வந்தவர்களின் மதப் பழக்கங்களுக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்ற விவாதம். ஏரூவில் என்ற ஒரு சின்ன ஊராட்சி, குடியேறிகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதிமுறையே எழுதிப் பேர்வாங்கியது. அரசாங்கம் புஷார், டெய்லர் என்ற இரண்டு அறிஞர்கள் தலைமையில் ஆணையம் போட்டது. 2008 மே மாதம் அறிக்கை வந்தது. சட்டமன்றச் சிலுவையை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், மாமன்றங்களில் ஜெபத்தை நிறுத்துங்கள் என்று இரண்டையும் அது தெளிவாகச் சொன்னது. அறிக்கை வந்த அன்றைக்கே சட்டமன்றம் சிலுவை இருக்கட்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. ட்ராம்ப்ளே தன் ஜெபத்துக்கு விதி எழுதியது அதே வருடம். அவரைத் தனி ஆளாகப் பார்க்காதீர்கள் என்று சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். அவர் உரக்கச் சொன்னதை, பூசைக்குப் போகாத நிறையப் பேர் மனசுக்குள் வைத்திருந்தார்கள்.

கேள்வி: இப்படிப்பட்டவரை மக்கள் ஏன் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள்? எல்லோருமே மதவெறியர்களா? (மதுரை வாசகர்)

பதில்: கிடையவே கிடையாது. அந்த வார்த்தை அந்த ஊருக்கு அநியாயம். மக்கள் அவருக்கு ஓட்டுப் போட்டது வேலைக்காக. இரும்புப் பிடியாக நிர்வாகம் செய்தார், எதையும் நேரடியாகப் பேசினார், மான்ட்ரியலுக்கும் தலைநகருக்கும் பயப்படாமல் தங்கள் பகுதிக்காகச் சண்டை போடுகிற ஆள் என்று பேர் இருந்தது. லா பே ஓரத்தில் ஹா ஹா விரிகுடா என்றே பெயருள்ள இடத்தில் பெரிய சுற்றுலாக் கப்பல்கள் வந்து நிற்கத் தொடங்கியது அவர் காலத்தில்தான். ஆலைகள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த ஊருக்கு அது பெரிய விஷயம். 2015-இல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பையும் படித்தவர்களையும் சாடி ஒரு வீடியோ வெளியிட்டார், காடு வெட்டும் வேலையை நம்பியிருக்கும் தொழிலாளிகளுக்கு அது இனித்தது.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். 2012 தேர்தல் நேரத்தில், அல்ஜீரியாவில் வளர்ந்து கியூபெக்குக்கு வந்த ஜெமிலா பெனாபிப் என்ற வேட்பாளர் மதச்சார்பின்மைக்காகவும் சிலுவையை எடுப்பதற்காகவும் பேசினார். அதற்கு ட்ராம்ப்ளே வானொலியில், பெயரைக்கூட உச்சரிக்க முடியாத, அல்ஜீரியாவிலிருந்து வந்த ஒருவர் நமக்குப் பாடம் நடத்துவதா என்கிற மாதிரி கொதித்தார். அந்தப் பெண் கனடாவின் குடிமகள், ஓட்டுக் கேட்டு நிற்கிறவர். அவருடைய கருத்துக்குப் பதில் சொல்ல ஆயிரம் வழி இருந்தது. அவர் எங்கிருந்து வந்தார், பெயர் வாயில் நுழைகிறதா என்றா பார்ப்பது? ஜெபத்தில் தொடங்கியது எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதுதான் சாட்சி. அரசு மேடையில் ஒரு மதத்துக்கு இருக்கை போட்டால், யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி என்ற பேச்சு தானாக வந்துவிடுகிறது.

கேள்வி: அமெரிக்காவில் ஜெபம் சொல்லலாம் என்று அங்குள்ள உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே, ஒரே விஷயத்துக்கு இரண்டு நாட்டில் இரண்டு நியாயமா? (சென்னை வாசகர்)

பதில்: ஆமாம், அதுவும் ஒரு வருட இடைவெளிக்குள். நியூயார்க் மாநிலத்தில் கிரீஸ் என்று ஒரு ஊர். ஜான் ஆபர்கர் என்பவர் ரொம்ப காலம் அங்கே ஊர்த் தலைவராக இருந்தார். அவர் காலத்தில், 1999-இல் தொடங்கி, கூட்டத்தை ஜெபத்தோடு ஆரம்பித்தார்கள். பல வருடங்கள் ஜெபம் சொல்ல வந்தவர்கள் எல்லோருமே கிறிஸ்தவர்கள். ஊரைச் சேர்ந்த இரண்டு பெண்கள் வழக்குப் போட்டார்கள். 2014 மே மாதம் 5 நீதிபதிகள் ஒரு பக்கம், 4 பேர் மறுபக்கம் என்று பிரிந்து, ஜெபம் செல்லும் என்று தீர்ப்பானது. நாடு பிறந்த காலத்திலிருந்தே அவைகளில் ஜெபம் இருந்திருக்கிறது என்கிற வரலாறுதான் அங்கே முக்கியக் காரணம். கனடாவில் நீதிபதிகள் வரலாற்றைக் கேட்டுக்கொண்டு, இன்றைக்கு அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். எனக்கு இரண்டாவதுதான் சரி. எவ்வளவு பழைய வழக்கம் என்பது ஒருவரை ஒதுக்குவதற்குக் காரணமாக முடியாது.

இங்கிலாந்து கதை சுருக்கமாக. டெவன் பகுதியில் பைட்ஃபோர்டு நகர மன்றத்தின் ஜெபம் சட்டப்படி செல்லாது என்று 2012-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. மத உரிமையை வைத்து அல்ல, மன்றத்துக்கு அப்படி ஓர் அதிகாரமே சட்டத்தில் இல்லை என்ற காரணத்தால். 2015-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு அந்த அதிகாரத்தைக் கொடுத்துவிட்டது.

கேள்வி: நான் மான்ட்ரியலில் வசிக்கும் ஈழத் தமிழன். உங்கள் குறிப்பில் அந்தத் தீர்ப்பை மிகவும் புகழ்ந்திருந்தீர்கள். ஆனால் இங்கே அதே மதச்சார்பின்மையைச் சொல்லித்தான் 21-ஆவது சட்டம் கொண்டுவந்தார்கள். தலையில் முக்காடு போட்ட பெண் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க முடியாது. இதற்கு என்ன சொல்கிறீர்கள், அண்ணை? (மான்ட்ரியல் வாசகர்)

பதில்: தம்பி, இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதற்கு நன்றி. இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியது எல்லாம் பாதிதான்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2019 ஜூனில் கியூபெக் அரசாங்கம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. அரசுப் பள்ளி ஆசிரியர்கள், போலீஸ்காரர்கள், அரசு வழக்கறிஞர்கள், இன்னும் அதிகாரம் உள்ள சில பதவிக்காரர்கள் வேலை நேரத்தில் மத அடையாளம் எதையும் அணியக் கூடாது. முக்காடு, தலைப்பாகை, யூதர்களின் குல்லாய், சிலுவைச் சங்கிலி எல்லாமே அடக்கம். ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள் அதே பதவியில் இருக்கும்வரை தொடரலாம். அடிப்படை உரிமையைக் காட்டி நீதிமன்றம் சட்டத்தைத் தள்ளிவிடாதபடி, அரசியல் சட்டத்தில் இருக்கிற விலக்குப் பிரிவையும் சேர்த்துக்கொண்டார்கள். துப்ளெசி மாட்டிய சட்டமன்றச் சிலுவையும் 2019 ஜூலையில் இறங்கியது.

இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், எனக்கோ இரண்டும் நேர் எதிர். சாகனே தீர்ப்பு நிறுவனத்தைப் பார்த்து வாயை மூடு என்றது. 21-ஆவது சட்டம் மனிதரைப் பார்த்துத் தலையைத் திற என்கிறது. மாநகராட்சிக்கு மதம் கிடையாது, இருக்கக் கூடாது. ஆனால் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியைக்கு மதம் உண்டு, அவர் மனுஷி. அவர் முக்காடு போட்டு வகுப்பில் நிற்பதால் அரசாங்கம் இஸ்லாத்தைப் பிரசாரம் செய்கிறது என்று ஆகாது. அவர் பிள்ளைகளை எழுந்து நின்று தொழுகை செய்யச் சொன்னால் அது வேறு, அதை நிறுத்தத்தான் வேண்டும். சிலுவையையும் கூடவே இறக்கிவிட்டோம், எல்லோருக்கும் சமம் என்றார்கள். சுவரில் இருந்த சிலுவைக்கு வேலை போகவில்லை, சம்பளம் போகவில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேறு மாகாணத்துக்குப் போக யோசிக்கிற பெண்ணுக்கு எல்லாமே போகிறது. இதைச் சமம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் மாகாணத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. மான்ட்ரியலுக்கு மேற்கே ரிகோவில் இருக்கும் லூர்து மாதா திருத்தலத்துக்குத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் யாத்திரை போகிறார்கள், கூடவே தமிழ் இந்துக் குடும்பங்களும் போகின்றன. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, எந்த அரசும் நடத்தி வைக்கவில்லை. பக்தி அங்கே நன்றாகத்தானே இருக்கிறது?

கேள்வி: கனடாவைப் பற்றிச் சொன்னீர்கள் சரி, நம்ம ஊர் அரசு ஆபீஸ் சுவரில் சாமி படம் இருக்கிறதே, அதற்கு என்ன சொல்வீர்கள்? (ஈரோடு வாசகர்)

பதில்: அதே பதில்தான், ஊருக்கு ஒரு நியாயம் என்னிடம் இல்லை. அண்ணா முதல்வராக இருந்தபோது, 1968-இல், அரசு அலுவலகங்களில் இருக்கும் கடவுள் படங்களைப் படிப்படியாக எடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை போனது. படங்கள் இன்னும் இருக்கின்றன, ஆயுத பூஜை வரும்போதெல்லாம் விவாதமும் வருகிறது. ஒரு எழுத்தர் தன் சட்டைப்பையில் முருகன் படம் வைத்திருந்தால் அது அவருடைய பாடு. மனு கொடுக்க வருகிறவர் கண்ணுக்கு நேரே, அலுவலகத்தின் சுவரில், அலுவலகத்தின் பெயரால் மாட்டினால் அது அலுவலகத்தின் பேச்சாகிவிடுகிறது.

நம் அரசியல் சட்டத்தில் ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. அமைச்சரோ எம்.எல்.ஏ.வோ பதவியேற்கும்போது கடவுளின் பெயரால் ஆணையிடலாம், இல்லை உளமார உறுதிகூறலாம். எது என்பதை அந்த ஆளே முடிவுசெய்கிறார், அவருக்காகச் சபை முடிவுசெய்வதில்லை. இரண்டு பேரும் ஒரே மேடையில், ஒரே மரியாதையோடு நிற்கிறார்கள். ஒரு தனி மனிதரின் நம்பிக்கைக்கு அரசு மேடையில் எவ்வளவு இடம் என்று கேட்டால் இந்த அளவுக்கு என்று நான் காட்டுவேன்.

கேள்வி: தீர்ப்புக்குப் பிறகு மேயர் அடங்கினாரா? மற்ற ஊர்களில் என்ன ஆனது? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: தீர்ப்பை மதித்தார், ஜெபம் நின்றது. பிடிக்காத தீர்ப்புக்கும் கட்டுப்பட்டார், அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். 2017-இல் அவர் ஒதுங்கியதும் ஜோசே நெரோன் என்ற பெண்மணி மேயரானார்.

தீர்ப்பு வந்த கையோடு கனடா முழுக்கப் பல மாமன்றங்கள் தங்கள் ஜெபத்தை நிறுத்தின, தலைநகர் ஒட்டாவா உட்பட. சில ஊர்களில் ஒரு நிமிட மௌனம் என்று மாற்றினார்கள். ஒன்டாரியோ மாகாணத்தில் 1999-லேயே பெனெட்டாங்குவிஷீன் என்ற சிறு நகரத்தின் வழக்கில் இதே மாதிரி தீர்ப்பு வந்திருந்தது, ஆனாலும் சில ஊர்கள் கண்டுகொள்ளாமல் இருந்தன.

மாறாத இடம் ஒன்று உண்டு, நாட்டின் நாடாளுமன்றம். மக்களவையில் இன்றும் சபாநாயகர் ஜெபம் வாசிக்கிறார், பார்வையாளர்களை உள்ளே விடுவதற்கு முன்பு. சாகனே நகரம் தன் வழக்கில் இதையும் ஆதாரமாகக் காட்டியது. நாடாளுமன்றத்துக்கென்று தனிச் சிறப்புரிமை இருக்கலாம், அதை வைத்து மாமன்ற ஜெபத்தை நியாயப்படுத்த முடியாது என்று நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது. 2022 மே மாதம் கியூபெக் கட்சியான பிளாக், ஜெபத்துக்குப் பதில் மௌனம் என்று தீர்மானம் கொண்டுவந்து பெரிய வித்தியாசத்தில் தோற்றது. ஒரு சின்ன நகரத்துக்குச் சொன்ன நியாயம் நாடாளுமன்றத்துக்கும் பொருந்த வேண்டும் என்பது என் கருத்து. அதை நீதிமன்றத்தால் செய்ய முடியாது, உறுப்பினர்கள்தான் ஓட்டுப் போட்டு மாற்ற வேண்டும்.